அப்பா எழுந்திரிக்கட்டும்

(மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் ஜுரு வட்டாரப் பெற்றோர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்பக்கச் சுவரோரம் கைகட்டி நிற்கும் அப்பாமார்களே, முன்வரிசையில் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன, வந்து உட்காருங்கள். பிள்ளை வளர்ப்புக் கூட்டம் என்றால் ஆண்கள் வாசற்பக்கமே நிற்பது நம் வழக்கம். ஆனால் இன்று நான் பேச வந்ததில் பாதிக்கு மேல் உங்களுக்குத்தான்.

நம் வட்டாரத்தில் எந்த மளிகைக்கடைக்குப் போனாலும் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து ரோத்தான் தொங்கும். மெல்லிய பிரம்பு, ஒரு முனையில் சிவப்பிலோ பச்சையிலோ வளைந்த பிளாஸ்டிக் பிடி. ஒட்டடை அடிக்க அது உதவாது, துணி காயப்போடவும் உதவாது. அது எதற்கு என்று யாரும் எழுதி ஒட்டியிருப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரியும். பல வீடுகளில் அதை எடுத்து அடிப்பதுகூட இல்லை. டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்தால் போதும்.

அதைக் கழற்றிப் போடுங்கள் என்று சொன்னால் எங்கே போனாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "நாங்களும் அடிவாங்கித்தான் வளந்தோம். கெட்டா போயிட்டோம்?" இதைச் சிரித்துத் தள்ளுகிற பேச்சாளர்கள் உண்டு. நான் தள்ள மாட்டேன். நீங்கள் கெட்டுப்போகவில்லை, உண்மைதான். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, அடியும் வாங்கி, இன்று சொந்த வீடு வாங்கி, மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். என் சந்தேகம் வேறு. உங்களை ஆளாக்கியது அந்த அடிதானா?

அந்த ரப்பர் தோட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜுரு, பத்து காவான், பைராம், கலிடோனியா என்று செபராங் பிறை முழுக்கத் தோட்டங்களாக இருந்த காலம். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்கு. பெரிய பிள்ளை தோட்டப் பள்ளிக்கு. 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. வாத்தியார் பெரும்பாலும் தோட்டத்திலேயே குடியிருந்தார். மதியத்துக்கு மேல் பெற்றோர் வீடு திரும்பிவிடுவார்கள். சாயங்காலம் திடல், குழாயடி, கோயில். ஒரு பையன் ஒளிந்து நின்று சிகரெட் பிடித்தால் அவன் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்பா ரோத்தானை எடுத்தால் என்ன நடந்தது? பாட்டி குறுக்கே வந்து நின்றாள். அடி விழுந்தபின் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பிள்ளையைக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டு, சோறு போட்டு, "அப்பா ஏன்டா கோவப்பட்டாரு?" என்று கேட்டாள். பிள்ளைக்குப் பாடம் நடந்தது அந்தத் திண்ணையில். அந்தப் பெருமை அடித்தவருக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

தோட்டத்தை நான் சொர்க்கமாக்கவில்லை. கூலி வயிற்றுக்கே பற்றவில்லை, சம்சு என்ற சாராயம் பல குடும்பங்களைத் தின்றது, ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். அங்கே திரும்பிப் போக யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆனால் தோட்டங்கள் விற்கப்பட்டன. பிறையில் தொழிற்பேட்டை வந்தது, அப்புறம் புக்கிட் தெங்கா, புக்கிட் மின்யாக், பத்து காவான் என்று ஆலைகள் பெருகின. 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபின் தீவுப் பக்கத்து பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கும் இங்கிருந்து பஸ் ஏறினோம். லயத்தைக் காலிசெய்து தாமான் குடியிருப்புக்கும் ஃபிளாட்டுக்கும் வந்தபோது ஆயா கூட வரவில்லை. வாத்தியார் வரவில்லை, பெரியம்மா வரவில்லை, திடலும் வரவில்லை. ரோத்தான் மட்டும் வந்தது. இன்று பத்தாவது மாடியில் கதவைச் சாத்திவிட்டு ஒரு பிள்ளையை அடித்தால் குறுக்கே நிற்க யாரும் இல்லை. பிறகு கூட்டிப்போய்ப் பேசவும் யாரும் இல்லை. உங்கள் அப்பா உங்களை அடித்ததும் நீங்கள் உங்கள் மகனை அடிப்பதும் ஒன்றாகாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி ஷிப்ட்டுக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் பிள்ளை வளர்ப்பைப் பேசிவிட்டு ஷிப்ட்டைப் பேசாமல் போவது வீண். காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழு, இரவு ஏழுக்குப் போனால் காலை ஏழு. அம்மா ஒரு ஷிப்ட், அப்பா எதிர் ஷிப்ட். வேண்டுமென்றே அப்படி எடுத்துக்கொள்கிற குடும்பங்கள் நிறைய. யாராவது ஒருவர் வீட்டில் இருக்கலாமே என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் அப்பா பகலில் தூங்குகிறார். பிள்ளை காதில் நாள் முழுக்க விழுவது இரண்டே வாக்கியம். ஒன்று, "சத்தம் போடாதே, அப்பா தூங்குறாரு." இன்னொன்று, "அப்பா எழுந்திரிக்கட்டும், இரு."

அந்தப் பிள்ளை இடத்தில் இருந்து பாருங்கள். கதவுக்குப் பின்னால் ஒருவர் படுத்திருக்கிறார். அவர் எழுந்து வந்தால் தண்டனை. பிள்ளைக்காகத்தான் இரவெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். பிள்ளைக்கோ அவர் எழுந்திருப்பதே பயம். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்தான், கையில் வேறு வழி இல்லாதபோது அப்பா பெயரைச் சொல்கிறார். ஆனால் அம்மாமார்களே, அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள். நடந்ததை நடந்த இடத்திலேயே, உங்கள் அளவிலேயே முடித்துவிடுங்கள். அப்பா எழுந்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கு எதுவும் காத்திருக்கக் கூடாது.

அப்பாமார்களுக்கு ஒன்று கேட்பேன். மணிக்கணக்காக வேண்டாம், பதினைந்து நிமிடம். ஷிப்ட்டுக்குக் கிளம்புமுன், அல்லது வந்து குளித்தபின். எப்போது என்பதைவிட அது தவறாமல் நடப்பதுதான் முக்கியம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் பாடம் கேட்காதீர்கள், வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்காதீர்கள், கையில் ஹேண்ட்போன் வேண்டாம். பிள்ளை எதை விளையாட அழைக்கிறதோ அதை விளையாடுங்கள். அது சொல்கிற விதிக்குக் கட்டுப்பட்டுத் தோற்றுப்போங்கள். குளிர்பெட்டியில் மாதக் காலண்டரை ஒட்டி உங்கள் பகல் ஷிப்ட்டுக்கு ஒரு நிறம், இரவு ஷிப்ட்டுக்கு ஒரு நிறம், ஓய்வு நாளுக்கு ஒரு நிறம் பூசச் சொல்லிப் பிள்ளையிடமே கொடுங்கள். அப்பா எப்போது வருவார் என்று தெரிந்த பிள்ளை அடம்பிடிப்பது குறையும். சிங்கப்பூரில் வேலை பார்த்து வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வருகிறவர்களும் இங்கே இருக்கலாம். வாட்சாப்பில் "நல்லா படி" என்று மட்டும் அனுப்பாதீர்கள். இன்று லாரியில் என்ன ஏற்றினீர்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள், மேலாளர் என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

முதலாளி விடுவாரா என்பீர்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பு, தாய்மை விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அதோடு வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கிடைக்கும் என்று உறுதியில்லை. ஆனால் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஆய்வுகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் பாலர் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் வீடுகளையும் கவனித்தார். ஒரு வகைப் பெற்றோர் கண்டிப்பானவர்கள், காரணம் சொல்ல மாட்டார்கள், சொன்னதைச் செய் என்பார்கள். இன்னொரு வகை, பாசம் மட்டும், விதி எதுவும் இல்லை. மூன்றாம் வகை, கண்டிப்பும் உண்டு, பாசமும் உண்டு, ஏன் என்று கேட்டால் பதிலும் உண்டு. தன்னம்பிக்கையோடும் பொறுப்போடும் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வீட்டுப் பிள்ளைகள்.

நாம் எங்கே இடறுகிறோம் தெரியுமா? கண்டிப்பையும் செல்லத்தையும் ஒரே தராசின் இரண்டு தட்டாக வைத்திருக்கிறோம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று நம்புகிறோம். "ரொம்பச் செல்லம் குடுத்தா கெட்டுப்போவான், கொஞ்சம் முறைப்பா இருக்கணும்" என்று அப்பா விறைத்துக்கொள்கிறார். அதை ஈடுகட்ட அம்மா ரகசியமாகக் காசு கொடுக்கிறார். இரண்டும் தனித்தனி. ஒரே ஆள், ஒரே நாளில், பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சவும் செய்யலாம், ஒன்பது மணிக்கு ஹேண்ட்போனை வாங்கி அலமாரியில் வைக்கவும் செய்யலாம். பிள்ளை அழும். அழட்டும். கோபப்படாமல், ஆனால் போனைத் திருப்பித் தராமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ரோத்தானைப் போட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதும் விதிகளையும் போட்டுவிடச் சொல்கிறேன் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ரோத்தான் இல்லாத வீட்டில்தான் விதி அதிகம் தேவைப்படும். குறைவான விதிகள், ஆனால் தினமும் ஒரே மாதிரி. நேற்று விட்டுவிட்டு இன்று அடித்தால் பிள்ளை விதியைப் படிக்காது, உங்கள் முகத்தைப் படிக்கும்.

அடி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் என்ற இரு ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளில் வந்த 75 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியிட்டார்கள். அதில் வரும் பிள்ளைகள் 1,60,000க்கும் மேல். அவர்கள் பார்த்தது பிரம்படியைக்கூட இல்லை, வெறுங்கையால் பின்புறத்தில் தட்டுவதை மட்டும். அதற்கே சொல்பேச்சுக் கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. முரட்டுத்தனமும் எதிர்ப்பும் மனநலச் சிக்கலும் அதிகமாக இருந்ததுதான் தெரிந்தது.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். மலேசியா ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையை 1995இல் ஏற்றது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு உடலிலோ மனத்திலோ காயம் உண்டாக்குவதற்கான உச்சத் தண்டனை 50,000 ரிங்கிட், 20 ஆண்டுச் சிறை என்று கூட்டப்பட்டது. இருந்தும் வீட்டில் அடிக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இங்கே வரவில்லை. பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் பிரம்படி கூடாது, பையன்களுக்கு இன்னும் உண்டு. அந்த வேறுபாட்டுக்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2003இல் அடியை நிறுத்தினார்கள், இந்தியா முழுமைக்கும் 2009 கல்வி உரிமைச் சட்டம் நிறுத்தியது. வீட்டிலும் கூடாது என்று முதலில் சொன்ன நாடு சுவீடன், 1979இல். சட்டத்தைப் பால் பெட்டிகளில் அச்சடித்துக் காலை உணவு மேசைக்கே அனுப்பினார்கள். ஆளைப் பிடித்து உள்ளே போடுவதைவிட வீட்டுக்குள் பேச்சைக் கிளப்புவதுதான் அவர்கள் நோக்கம்.

சரி, ரோத்தான் இல்லாமல் என்ன செய்வது? சமையலறையிலிருந்து கத்தாதீர்கள். அதை எல்லாரும் செய்கிறோம். "டேய், டிவிய அணை... எத்தனை வாட்டி சொல்றது... வரட்டுமா?" ஐந்தாவது முறை குரல் மாறும்போதுதான் பிள்ளை எழுந்திருக்கும், ஏனென்றால் முதல் நான்கும் கணக்கில் இல்லை என்று நாமே பழக்கியிருக்கிறோம். அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போங்கள். தோளைத் தொடுங்கள். "இந்தப் பாட்டு முடிஞ்சதும் அணைச்சிட்டுக் குளிக்கப் போ" என்று ஒருமுறை சொல்லுங்கள். சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். நின்று பார்த்தால் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, கத்திக்கொண்டிருந்தால் அரைமணி.

தண்டனை தவற்றோடு ஒட்ட வேண்டும். மைலோவைத் தட்டிவிட்டால் துணி எடுத்துத் துடைக்க வேண்டும். தம்பியின் புத்தகத்தைக் கிழித்தால் உட்கார்ந்து ஒட்டித் தர வேண்டும். மைலோ கொட்டியதற்கு முட்டி போட வைத்தால் பிள்ளைக்கு முட்டிவலி கிடைக்கும், தரை ஈரமாகவே கிடக்கும், துடைப்பவர் அம்மாதான்.

பாராட்டில் நமக்கு ஒரு தனிச் சங்கடம். கண் பட்டுவிடும் என்று பிள்ளையை நேரில் புகழ மாட்டோம். தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவிப் பெருமைப்படுவோம், விழித்திருக்கும் பிள்ளையிடம் "இன்னும் ரெண்டு மார்க் எங்க?" என்போம். கண்ணேறுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுங்கள், நான் தடுக்கவில்லை, பாராட்டையும் கொடுங்கள். எதைப் பாராட்டுவது என்பதில் கவனம் வேண்டும். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்தார்கள். சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நீ நன்றாக உழைத்தாய்" என்றார்கள். அடுத்து எந்தப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது புத்திசாலிகள் எளிதானதைத் தேடினார்கள், உழைத்தவர்கள் கடினமானதைக் கேட்டார்கள். இன்னொன்றும் நடந்தது. தோற்றபின் தன் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்கள் புத்திசாலி என்று புகழப்பட்ட பக்கத்தில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! ஆகவே "கெட்டிக்காரன்" என்பதைக் குறைத்துக்கொண்டு, "அந்தக் கணக்க அழிச்சு அழிச்சுத் திரும்பப் போட்டியே, பாத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒப்பிடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும், யாரும் விடுவதில்லை. ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்தவரை எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகளின் படம் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகனைத் திட்டிய வீடுகள் ஏராளம். 2021இல் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஒப்பீடு இப்போது வாட்சாப் குழுவுக்குக் குடிபோய்விட்டது.

பாட்டிமார்களைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா வேண்டாம் என்றதைப் பாட்டி கொடுப்பாள். உலகம் முழுக்க அப்படித்தான். பிள்ளை முன்னால் சண்டை வேண்டாம், பாட்டி வீட்டில் பாட்டி விதி என்று பிள்ளை புரிந்துகொள்ளும். ஒன்றில் மட்டும் ஒத்துப் போங்கள்: சின்னக் குழந்தைக்குச் சோறூட்ட ஹேண்ட்போன் வேண்டாம். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டி. அதற்குமேல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

கடைசியாக, பதின்மூன்று வயது. நம் சமூகத்தில் மிகவும் கவலைப்பட வேண்டிய இடம் இது என்பேன். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில், எல்லா ஆசிரியருக்கும் பெயர் தெரிந்த பிள்ளையாக இருந்தவன், முதல் படிவத்தில் ஆயிரத்துக்கு மேல் மாணவர் உள்ள இடைநிலைப்பள்ளியில் போய் நிற்கிறான். பாடமொழி மாறுகிறது, நண்பர்கள் சிதறிப்போகிறார்கள், பின்வரிசையில் யாரோ ஒருவர் "நீ நம்ம ஆளு" என்கிறார். வகுப்பில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைக்கிறது. சரியாக அந்த வருடம்தான் அவன் அம்மாவைவிட உயரமாகிறான், ரோத்தானைப் பிடித்து நிறுத்துகிறான். அதுவரை பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில் ரோத்தான் மட்டுமே இருந்திருந்தால், அன்றோடு பிடி விட்டுப்போகிறது. 2022 தேசியச் சுகாதார ஆய்வில் பதின்ம வயதினரில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பது தெரிந்தது. அதில் நம் பிள்ளைகளும் அடக்கம்.

பள்ளியை விட்டு நழுவிய இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து மீட்டெடுக்கும் வேலையை 2011 முதல் மைஸ்கில்ஸ் அறவாரியம் செய்கிறது. டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பாடம் சொல்லிக்கொடுப்பதோடு பெற்றோரையும் பிள்ளைகளோடு கல்வி யாத்திரைக்கு வரவழைத்தது. பெற்றோரை இழுத்து வராமல் பிள்ளையை மட்டும் திருத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அங்கெல்லாம் போவதற்கு முன்பே வீட்டில் ஒன்று செய்யலாம். மகன் முதல் படிவம் போகும்முன் அவனை உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "எங்கயாவது மாட்டிக்கிட்டா, எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. வந்து கூட்டிட்டுப் போவேன். அன்னிக்கு ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன். மறுநாள் பேசுவோம்." சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அந்தப் போன் வந்து, நீங்கள் மோட்டார் சைக்கிளில் போய் நிற்கும்போது, திட்டாமல் ஹெல்மெட்டை நீட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மறுநாள் பேசும்போது கண்டிப்பாகவே பேசுங்கள். ஒரு வாரம் வெளியே போவது கிடையாது என்றால் ஒரு வாரமும் கிடையாது. ஆனால் அடுத்த முறையும் அவன் உங்களுக்குத்தான் போன் பண்ண வேண்டும், பின்வரிசை அண்ணனுக்கு அல்ல.

பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை அடிபடும் சத்தம் அடிக்கடி கேட்டாலோ, நம் கையே நம் கட்டுக்குள் இல்லை என்று பயம் வந்தாலோ, தாலியான் காசே என்ற உதவித் தொலைபேசி எண் 15999. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

இனி உங்கள் கேள்விகள். இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.